குளிர் காலையில் சரிவில் இறங்கும் முன்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மார்கழி, தைக் காலைகளில் தேயிலைச் சரிவில் இறங்குகிறவர்கள் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணைக் கொஞ்சம் கவனியுங்கள். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைப்பது அதுதான். அதில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரத இழைகள். மெதுவாக இழுத்தால் இணங்கி நீளும், வெடுக்கென்று இழுத்தால் விறைக்கும். குளிரில் விறைப்பு இன்னும் கூடும்.

அதனால் முதலில் சமதரையில் 5 முதல் 10 நிமிடம் நடங்கள். அப்புறம் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் எழாமல் 30 விநாடி நில்லுங்கள். குதித்துக் குதித்து இழுக்கவே கூடாது. மறுகாலுக்கும் அப்படியே.

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, கிழிந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். பட்டென்ற சத்தத்தோடு வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.