ஸ்போர்ட் டூரர் வாங்கியாச்சு: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

ஸ்போர்ட் டூரர் என்கிற பைக் ரகத்துக்கு இரண்டு வேலை. வளைவுப் பாதையில் சாய்த்து ஓட்டவும் வேண்டும், அதே வண்டியில் பின்னால் ஆளும் பெட்டியுமாக நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போகவும் வேண்டும். யமஹா எஃப்ஜேஆர்1300, கவாசாகி 1400 ஜிடிஆர் மாதிரி 300 கிலோவை ஒட்டிய, செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின் சக்கரம் ஓடும் ஷாஃப்ட் டிரைவ் வண்டிகளும் இந்தக் கூட்டம்தான், டிரேசர் 9 ஜிடி, நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் மாதிரி 220, 235 கிலோவில் செயினோடு வருபவையும் இந்தக் கூட்டம்தான். இரண்டு வேலைக்கும் நடுவே கம்பெனிக்காரன் ஏதோ ஒரு இடத்தில் சமாதானம் பண்ணி வைத்திருக்கிறான், நாம் மாட்டுகிற ஒவ்வொரு சாமானும் அதை ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் முதல் சர்வீஸ் வரைக்கும் பர்ஸைத் திறக்காதீர்கள். வண்டியோடு வந்ததிலேயே திருகவும் நகர்த்தவும் நிறைய இருக்கிறது, அதையெல்லாம் தொடாமலே ஆக்சசரி தேட ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம்.

லீவரில் தொடங்குங்கள். ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து கண்ணை மூடி, கையை ஹேண்டில் பாரில் வைத்து விரலை நீட்டினால் லீவர் தானாக விரலுக்கு அடியில் வர வேண்டும். மணிக்கட்டை மேலே மடக்க வேண்டியிருந்தால் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி லீவரைக் கீழே இறக்குங்கள். கியர் லீவரும் பிரேக் பெடலும் நீங்கள் போடுகிற பூட்ஸின் தடிமனுக்கு ஏற்ப உயர வேண்டும், வெறும் செருப்போடு நின்று செட் பண்ணினால் வேலைக்கு ஆகாது. சில வண்டிகளில் சீட்டுக்கே இரண்டு உயரம் உண்டு, வாங்கி வருஷக்கணக்காகியும் அது தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது சஸ்பென்ஷன். இது கொஞ்சம் பொறுமை கேட்கும், ஆனால் காசு கேட்காது. கூட இரண்டு பேர், ஒரு டேப், ஒரு பேப்பர் போதும். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, ஆக்சிலின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே பின் பேனலில் ஒரு குறி வரை அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி ஆளில்லாமல் ஒரு அளவு. கடைசியாக ஜாக்கெட், ஹெல்மெட் சகிதம் நீங்கள் ஏறி இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மூன்றாவது அளவை எடுக்கட்டும். முதல் அளவுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சாலை ஓட்டத்துக்குச் சரி. அதைவிட அதிகம் அமுங்கினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவைக் கூட்டுங்கள், குறைவாக அமுங்கினால் குறையுங்கள். இரண்டாவது அளவு எதற்கு என்றால், உங்கள் எடைக்கு ஸ்பிரிங் சரியா என்று அதுதான் சொல்லும். நீங்கள் ஏறிய அளவு சரியாக வந்தும், ஆளில்லாத வண்டி தன் எடைக்கு ஒரு சில மில்லிமீட்டர்கூட அமுங்கவில்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிசு, அதை ப்ரீலோடால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போதுதான் புது ஸ்பிரிங் பற்றிய பேச்சே வர வேண்டும்.

அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் டாம்பிங்குக்கு அளவுகோல் தேவையில்லை. சீட்டை இரண்டு கையாலும் அமுக்கி விடுங்கள். ஒரே எழும்பலில் மேலே வந்து நின்றால் சரி, மேலே வந்து மறுபடி ஆடினால் போதவில்லை, பசையில் ஒட்டின மாதிரி மெதுவாக எழுந்தால் அதிகமாகிவிட்டது. எதைத் திருகும் முன்பும், முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் தள்ளி இருந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், திரும்பி வர வழி வேண்டும். பின்னால் ஆளும் பெட்டியும் ஏறும்போது ப்ரீலோடைக் கூட்டியே ஆக வேண்டும். இந்த ரக வண்டிகள் பலவற்றில் அதற்கென்றே கையால் திருப்பும் குமிழ் ஒன்று பக்கவாட்டில் இருக்கும். அதைத் தொடாமல் போனால் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், வளைவில் வண்டி வெளியே வெளியே ஓடும். நிறைய பேர் இதை டயர் மேல் பழி போட்டுவிட்டுப் புது டயர் வாங்குகிறார்கள்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. முன்னால் 120/70, பின்னால் 180/55, 17 அங்குலம் என்பதுதான் இதில் பரவலான அளவு, அதற்குப் பல கம்பெனிகள் சொல்லும் காற்று முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. ஆனாலும் உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதுதான் சட்டம், அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கணக்கு தப்பும். பல டூரிங் டயர்கள் நடுவில் கெட்டியான ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பருமாக வருகின்றன. ஆனால் நேர் சாலையே ஓட்டினால் எந்த டயரும் நடுவில் தட்டையாகும், சாய்க்கும்போது முதலில் முரண்டு பிடித்து அப்புறம் சட்டென்று விழும். டயரின் கட்டை (ட்ரெட்) நிறைய இருந்தாலும் அந்த நிலைக்கு வந்த டயரை நான் வைத்திருக்க மாட்டேன். 300 கிலோ வண்டிக்கு வாங்கும்போது, சில டயர்களில் கனமான டூரர்களுக்கென்றே ஜிடி என்று தனி ரகம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 1524 என்றால் 2024இன் 15வது வாரம் செய்தது.

காற்றுத் தொல்லைக்கு வருவோம். உயரமான விண்ட்ஷீல்டு வாங்கினால் தீரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், பாதிப் பேருக்கு அது இன்னும் மோசமாகிறது. தொந்தரவு காற்றால் வருவதில்லை, ஷீல்டின் மேல் விளிம்பில் கிழிபட்டுச் சுழன்று வரும் காற்றால் வருகிறது. ஒரு சோதனை: நெடுஞ்சாலை வேகத்தில் கொஞ்சம் எழுந்து பாருங்கள், அப்புறம் கொஞ்சம் குனிந்து பாருங்கள். எழும்போது ஹெல்மெட் ஆட்டம் நின்று சத்தம் சீரானால் உங்களுக்குக் குட்டையான ஷீல்டு வேண்டும், அல்லது இருப்பதையே இறக்கி வைக்க வேண்டும். குனியும்போது அமைதியானால் இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம் தேவை, அதற்கு முழு ஷீல்டு வாங்கும் முன் விளிம்பில் கவ்விக்கொள்ளும் சின்ன டிஃப்ளெக்டர் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். எப்படியும் ஷீல்டுக்கு மேலாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டும். மழை இரவில் அதன் ஊடாகப் பார்த்து ஓட்டுவது கண்கட்டு வித்தை. எந்த ஷீல்டு போட்டாலும் நெடுஞ்சாலையில் ஹெல்மெட்டுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், காதுக்கு இயர்பிளக் போடுங்கள். சாயங்காலம் வருகிற அசதியில் அந்த இரைச்சலுக்கும் பங்கு உண்டு.

ஹேண்டில் பாரை உயர்த்தும் ரைசர் நல்ல விஷயம், 20 மில்லிமீட்டர் உயர்ந்தாலே முதுகுக்கு வித்தியாசம் தெரியும். மாட்டியதும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹேண்டிலை இடக்கோடி வலக்கோடி திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. பிரேக் ஹோஸ் கம்பி மாதிரி விறைத்து நின்றாலும் அப்படியே ஓட்டாதீர்கள், கேபிளையும் ஹோஸையும் வேறு வழியில் விடுங்கள், இல்லாவிட்டால் நீளமானதை வாங்குங்கள். ஃபுட்ரெஸ்ட்டை இறக்கும் கிட்களும் இருக்கின்றன, முழங்காலுக்குச் சுகம்தான், ஆனால் வளைவில் தரை சீக்கிரம் தட்டும்.

பெட்டிகளில் என் கட்சி பக்கப் பெட்டிதான். டாப் பாக்ஸ் பின் ஆக்சிலுக்குப் பின்னால், உயரத்தில் உட்காருவதால் அதில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தின் கனத்தைக் குறைக்கிறது. வேகம் கூடினால் வண்டி மெதுவாக அலைய ஆரம்பிக்கும். அதில் தூக்கம் போடும் பையும் மழைக்கோட்டும் போகட்டும். டூல், பூட்டு, தண்ணீர் எல்லாம் பக்கப் பெட்டியின் அடியில், வண்டிக்கு ஒட்டினாற்போல. மூடிக்குள் ஒட்டியிருக்கும் எடை வரம்பையும் வேக வரம்பையும் ஒரு தடவையாவது படியுங்கள், சில பெட்டிகளுக்கு வரம்பே 3 கிலோதான். வண்டிக்கென்று மொத்தமாக ஒரு வரம்பு உண்டு, ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், பெட்டி, பெட்டியின் ஃபிரேம் எல்லாம் அதற்குள்தான்.

மின்சார வேலையில்தான் நல்ல வண்டிகள் கெடுகின்றன. முதலில் கணக்குப் போடுங்கள். சூடாகும் ஜாக்கெட் 75 வாட், சூடாகும் கிரிப் 35, துணை விளக்கு இரண்டும் சேர்த்து 40 என்றால் 150 வாட், அதாவது சுமார் 11 ஆம்பியர். ஆல்டர்நேட்டரின் வாட் கணக்கு மேனுவலில் இருக்கும், ஆனால் அது என்ஜின் நன்றாகச் சுற்றும்போது கிடைப்பது. டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது அவ்வளவு வராது, ரேடியேட்டர் ஃபேனும் அப்போதுதான் ஓடும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு என்ஜினைச் சுற்றவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை நின்றால் நிம்மதி, 13க்குக் கீழே போனால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது.

வயரிங் இப்படி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30ஆம் முனை, 87இலிருந்து விளக்குக்கு. 86க்கு பார்க்கிங் லைட் வயரிலிருந்து ஒரு கிளை, 85 எர்த். ரிலேயை எழுப்ப அந்த வயரிலிருந்து சொற்ப மின்சாரம்தான் போகும், பளு முழுக்கப் பேட்டரியிலிருந்து நேரே வரும், சாவியை எடுத்தால் எல்லாம் அணையும். சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்கிற யூஎஸ்பி சார்ஜர் ஒன்று போதும், சில வாரம் நிறுத்தி வைத்த வண்டி கிளம்பாமல் போக. கேன் பஸ் வண்டிகளில், அதாவது மின் பாகங்கள் ஒரே வயரிங்கில் தங்களுக்குள் தகவல் பேசிக்கொள்ளும் வண்டிகளில், கண்ட வயரை வெட்டிச் சேர்த்தால் டிஸ்பிளேயில் எச்சரிக்கை வரும், அவற்றுக்கென்றே தனி மாட்யூல்கள் கிடைக்கின்றன. வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல கிளிப்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள், மழையில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். வயரைக் கிரிம்ப் போட்டு (நசுக்கி இணைத்து), சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள், ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயருக்குக் கொஞ்சம் தளர்ச்சி விடுங்கள்.

பராமரிப்பில் செயின்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செயினுக்கு லூப் (மசகு) 500 முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் போனால் அன்றைக்கே, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முன் ஸ்ப்ராக்கெட், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் அசையும் இடம், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாகும். பெட்டியும் ஆளும் ஏறினால் வண்டி அந்தக் கோட்டை நோக்கித்தான் அமுங்குகிறது. வெறும் வண்டியில் அழகாக இறுக்கி வைத்தவர் பளுவோடு பள்ளத்தில் இறங்கும்போது, அந்த இழுப்பெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். மேனுவல் சொல்லும் அளவில் தளர்வான பக்கமாகவே வையுங்கள். ஷாஃப்ட் டிரைவ்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, பின் சக்கரத்தில் இருக்கும் கியர் பெட்டியான ஃபைனல் டிரைவின் ஆயில் மட்டும் மறக்கக் கூடாது, எஃப்ஜேஆரில் அது வெறும் 200 மில்லிதான். என்ஜின் ஆயில் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானிய தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை உள்ளதாக இருக்கட்டும், கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

நான் மாட்டச் சொல்லாதவை இரண்டு. ஒன்று, சத்தமான எக்ஸாஸ்ட். கூடுகிற பவர் சொற்பம், கூடுகிற சத்தம் மூன்றாவது மணி நேரத்தில் தலைவலி. இன்னொன்று, பின் மட்கார்டை வெட்டிக் குட்டையாக்குவது. நிறுத்தி வைத்தால் அழகு, மழையில் ஓட்டினால் சேறெல்லாம் பெட்டி மேலும் பின்னால் உட்கார்ந்தவர் முதுகிலும்.

எதையும் ஒவ்வொன்றாக மாட்டுங்கள், நாலை ஒரே நாளில் போட்டால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. கழற்றிய ஒரிஜினல் பாகங்களை போல்ட்டோடு ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள். புதிதாக மாட்டியதை முதல் 300, 400 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், அதிலும் பெட்டி ஃபிரேம் போல்ட்டை முதலில்.