ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால்

"அண்ணே, ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு"ன்னு வண்டி வந்தால் நான் முதலில் பார்ப்பது பேட்டரியைத்தான். இப்போதைய கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பெரும்பாலும் ஆயில் பம்ப் கிடையாது, திருப்ப உதவுவது கரண்டில் ஓடும் மோட்டார்தான். ஸ்டீயரிங் தண்டில் ஒரு முறுக்குக் கம்பி இருக்கும். நீங்கள் திருப்பும்போது இம்மியளவு முறுகும். சென்சார் அதை அளக்க, வண்டி வேகத்தையும் பார்த்து கம்ப்யூட்டர் அந்த மோட்டாருக்கு கரண்ட் விடும். பார்க்கிங்கில் நிறைய, ஹைவேயில் கொஞ்சம்.

மீட்டரில் ஸ்டீயரிங் விளக்கு எரிகிறதா? இன்ஜினை அணைத்துவிட்டு, பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போடுங்கள். அடுத்து ஃபியூஸ். அப்படியும் விளக்கு அணையவில்லையென்றால் வண்டி கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர்தான், குத்துமதிப்பாக மோட்டாரை மாற்றச் சொல்பவரிடம் போகாதீர்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து அப்படியே பிடித்து நிற்பதும் வேண்டாம். மோட்டார் சூடேறினால் உதவி குறையும். ஓட்டத்தில் அந்த உதவி நின்றுபோனாலும் பதறாதீர்கள், பலம் கொடுத்தால் திரும்பும்.