பேரத்தில் கோபம் ஏறும்போது

கோபத்தைக் கையாளும் வேலையை முந்தைய நாளே தொடங்க வேண்டும். ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்தத் தொகைக்குக் கீழே இறங்கமாட்டேன், பேச்சு முறிந்தால் அடுத்து என்ன செய்வேன், எதிர்த்தரப்பு எதைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று தைக்கும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'இதைவிடக் குறைவாகச் செய்ய ஆள் இருக்கிறது' என்ற பேச்சு உங்களைச் சுடும் என்றால், அதற்கான பதிலையும் எழுதி, நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

முதலாவதும் லேசானதல்ல. 1982இல் ஜெர்மன் பொருளியலாளர் வெர்னர் கியூத்தும் சகாக்களும் வெளியிட்ட சோதனையில் ஒருவர் பணத்தைப் பங்கிடுவார். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. அதன்பின் பல இடங்களில் செய்து பார்த்ததில், ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ கிடைத்தபோது கணிசமானோர் அதையும் வேண்டாமென்று தள்ளினார்கள். பேரத்திலும் கோபம் இப்படித்தான் கைக்கு வருவதைத் தட்டிவிடும். தாளில் உள்ள எண்தான் அப்போது பிடிமானம்.

பேச்சின் நடுவே தாடை இறுகும், அவர் முடிப்பதற்குள் பதில் நாக்கு நுனியில் நிற்கும். அந்த நேரத்தில் எந்தத் தொகைக்கும் சம்மதமோ மறுப்போ சொல்லாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். அடங்கவில்லையா, இடைவேளை கேளுங்கள். ஐந்து நிமிடம் போதாது. படபடப்பு இறங்க இருபது நிமிடமாவது கொடுங்கள். வெளியே போய்க் கூட வந்தவரிடம் பொருமித் தீர்த்தால் சூடு இன்னும் ஏறும். நடங்கள், தண்ணீர் குடியுங்கள், தாளைத் திரும்பப் படியுங்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகம் காட்டுவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். அடக்குவதிலேயே கவனம் போய்விடும். எதிரே சொன்னது மனதில் தங்காது. கோபத்தைச் சொல்லலாம், ஆளை விட்டுச் செயலைப் பற்றி: 'ஒப்புக்கொண்ட தேதி இந்த வரைவில் மாறியிருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான். ஏன் மாறியது?' கேட்டபின் பேசாதிருங்கள். அந்த மௌனத்தை நீங்களே நிரப்பினால் அவர் பதில் சொல்லாமலே தப்பித்துவிடுவார்.

வேண்டுமென்றே கோபத்தை நடிப்பது ஆபத்து. வேறு வழியில்லாதவர் அப்போதைக்கு இறங்கிவருவார். பிறகு வேலையின் தரத்திலோ அடுத்த பேரத்திலோ கணக்குத் தீர்ப்பார். நடிப்பென்று தெரிந்துவிட்டால் நம்பிக்கையும் போய்விடும்.

மின்னஞ்சலில் நடக்கும் பேரத்தில் பெறுநர் முகவரியைக் காலியாக விட்டுப் பதிலை எழுதுங்கள். மறுநாள் காலை படித்து, 'நீங்கள்' என்று தொடங்கும் குற்றச்சாட்டுகளை நீக்கியபின் முகவரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.