திடீர்ப் புத்தித் தடுமாற்றம்: மூளையும் நோய் எதிர்ப்பு உயிரணுக்களும் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி, நேற்றுவரை பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, இன்று பொழுது சாய்ந்ததும் என்றோ இடித்துத் தள்ளப்பட்ட லயத்து வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தால், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வீட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: வயதாகிவிட்டது, அல்லது காத்துக் கருப்பு பட்டுவிட்டது. இரண்டுமே ஆபத்தான தவறுகள். அல்சைமர் போன்ற மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ புத்தி தடுமாறினால் அது பெரும்பாலும் டெலிரியம் என்னும் நிலை. அதன் காரணம் பல வேளைகளில் மூளைக்கு வெளியே, நுரையீரலிலோ சிறுநீர்ப்பையிலோ இனிப்புநீர் நோயாளியின் ஆறாத கால் புண்ணிலோ இருக்கும்.

கிருமி மூளைக்குள் நுழையாமலேயே மூளை எப்படிக் குழம்புகிறது என்பதுதான் இங்கே புரிந்துகொள்ள வேண்டியது. தொற்று ஏற்பட்ட இடத்தில் உள்ள நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது உயிரணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களை, சுரக்கின்றன. அந்தச் செய்தி, உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும், மூளை இரத்தக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்கள் வழியாகவும் உள்ளே எட்டுகிறது. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் மைக்ரோகிளியா என்னும் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் விழித்துக்கொண்டு, தாமும் அதே வகைப் பொருள்களைச் சுரக்க, நரம்பணுக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை மாறுகிறது. காய்ச்சல் கண்ட பிள்ளை சாப்பிட மறுத்து யாரோடும் பேசாமல் சுருண்டு படுப்பது இதனால்தான். அதைச் சோம்பல் என்று திட்டுவது பிழை. முதுமையிலும் மறதிநோய் தொடங்கிய மூளையிலும் மைக்ரோகிளியா ஏற்கனவே பாதி சினந்த நிலையில் இருப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. இளைஞருக்கு வெறும் அசதி தரும் தொற்று முதியவரின் புத்தியையே கலைத்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இதையொட்டி இன்னும் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ‘மேலுக்குச் சூடு இல்லையே’ என்று காத்திருப்பது ஒன்று. முதியவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். கூச்சலிட்டுக் குழம்புபவரை மட்டும் நோயாளியாகக் கருதுவது மற்றொன்று. சத்தமே இல்லாமல் நாள் முழுவதும் தூங்கி வழிபவருக்கும் டெலிரியம் இருக்கலாம், தொந்தரவு தராதவர் என்பதாலேயே அவரை எல்லோரும் கவனிக்கத் தவறுகிறார்கள். அதே வேளையில், எல்லாத் தடுமாற்றத்தையும் தொற்று என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்குவது, உப்புச்சத்து குறைவது, புதிதாகத் தொடங்கிய மருந்து, பக்கவாதம் ஆகியவையும் இதே முகத்தைக் காட்டும்.

மூளைக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் தொடர்பே இல்லை என்ற பழைய பாடத்தை இன்னும் ஒப்பிக்கிறவர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ ஓர்தேகா மைக்ரோகிளியாவை 1919ஆம் ஆண்டிலேயே தனி வகையாக அடையாளம் காட்டிவிட்டார். மூளையைச் சுற்றிய உறைகளில், நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் பயணிக்கும் நிணநீர் நாளங்கள் ஓடுவது 2015இல் எலிகளில் தெளிவாக நிறுவப்பட்டது.

இளம் பெண் ஒருத்தி திடீரென்று தூக்கமின்றிப் பிதற்றி, யாரோ துரத்துவதாக அஞ்சி, பிறகு வலிப்பும் காணும்போது போமோ என்னும் மலாய் மந்திரவாதியிடமும் பூசாரியிடமும் அலைந்து வாரங்களைத் தொலைப்பதைப் போலக் கொடுமையான தவறு வேறில்லை. நரம்பணுக்கள் செய்தி பெற உதவும் என்எம்டிஏ ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்புப் பொருள்களே தாக்கும் மூளை அழற்சி ஒன்றை ஹோசெப் டல்மாவ் குழுவினர் 2007இல் விளக்கினர். கிருமியே இல்லாத இந்த நோய், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் தந்தால் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. மூளைக்காய்ச்சல் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவதன் விலையை நம் நாடு முன்பே கொடுத்திருக்கிறது. 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய நோயை முதலில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி மருந்துப் புகை அடித்தார்கள். அது பன்றிகளிடமிருந்து தொற்றிய நிப்பா வைரஸ் என்று 1999இல் தெரியவருவதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவிவிட்டது. மலேசியாவில் மொத்தம் 105 பேர் இறந்தனர்.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் மூளை தெளியும்’ என்று சந்தையில் விற்கப்படும் தூள்களையும் பானங்களையும் நான் நம்புவதில்லை. ஹெப்படைடிஸ் சி நோய்க்கு முன்பு ஊசியாகத் தரப்பட்ட இன்டர்ஃபெரான், உடலே சுரக்கும் ஓர் எதிர்ப்புப் பொருள்தான். அதை அதிக அளவில் பெற்ற பலர் மனச்சோர்வில் விழுந்தனர். சரி, அப்படியானால் அழற்சியை அடக்கும் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கலாமா? நாப்ராக்சன், செலிகாக்சிப் ஆகியவை அல்சைமரைத் தடுக்குமா என்று சோதித்த பெரிய ஆய்வில் மருந்து கொடுப்பது 2004இல் நிறுத்தப்பட்டது. அவை மறதிநோயைத் தடுக்கவில்லை. இனிப்புநீர் உள்ளவரின் சிறுநீரகத்துக்கோ அத்தகைய மாத்திரைகள் கேடு. மேலும் மைக்ரோகிளியா வேண்டாத பகைவன் அல்ல. மூளை வளரும் பருவத்தில் தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரிப்பதும் இறந்த உயிரணுக்களை அகற்றுவதும் அதன் வேலை. அந்த வேலைக்கு உதவும் டிரெம்2 மரபணு சிலரிடம் பழுதுபட்டிருக்கும்போது அல்சைமர் ஆபத்து பெருகுவதை 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

ஆகவே, புத்தி திடீரென மாறியவரை அன்றே அரசாங்க கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். வலிப்பு, சுயநினைவற்ற மயக்கம், கைகால் தளர்ச்சி இருந்தால் 999ஐ அழைக்க வேண்டும். மருத்துவரிடம் ‘மறதி’ என்று மட்டும் சொல்வது கடைசித் தவறு. தடுமாற்றம் எந்த நாளில், எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முந்திய வாரம் அவர் எப்படி இருந்தார், என்னென்ன மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் சாப்பிடுகிறார் என்பதை அவரோடு தினமும் இருப்பவரே போய்ச் சொல்ல வேண்டும். மருந்துப் பையை அப்படியே கையோடு எடுத்துச் செல்வது நல்லது.