வளவு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளுதல்: நீர், மூச்சு, நினைவு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு தேடிச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போனது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வளவு (நடுமுற்றம்) வைத்த வீட்டில், எண்பதை நெருங்கும் ஆச்சியோ ஐயாவோ ஒருவர் மட்டும் படுத்திருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சமையலுக்கென்று வந்து, நாளடைவில் நோயாளியின் பொறுப்பும் தலையில் விழுந்துவிட்ட ஒரு பெண்மணிதான் அருகில் இருப்பார். இந்தக் குறிப்புகள் முதலில் அவருக்காகவும், அடுத்து "அப்பச்சி எப்படி இருக்கிறார்கள்?" என்று தொலைபேசியில் கேட்கும் பிள்ளைகளுக்காகவும் எழுதப்படுகின்றன. மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்ன அளவு ஏதேனும் இருந்தால், இங்கே உள்ளதை விட்டு அதையே பின்பற்ற வேண்டும்.

நீர்ச்சத்து, மூச்சு, நரம்பு என்று பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்தாலும், முதிய உடலில் இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் கெடுகின்றன. உப்பின் அளவு குறைந்தால் நினைவு தடுமாறும். நரம்பு தளர்ந்து விழுங்குவது பிசகினால் சோறும் நீரும் நுரையீரலுக்குள் போகும். மூச்சு வாங்குபவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். ஆகையால் நோயாளியின் அருகில் முதலில் இருக்க வேண்டிய கருவி ஒரு நோட்டுப் புத்தகம். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய மண்ணில் வரவு, பற்று என்று இரண்டு பத்தி போடுவதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வரவுப் பக்கத்தில் தண்ணீர் மட்டுமல்லாமல் காபி, மோர், கஞ்சி, ரசம் என்று வாய்வழி போகும் நீர்மங்கள் எல்லாவற்றையும் மில்லிலிட்டரில் எழுத வேண்டும். வீட்டில் புழங்கும் டம்ளர் எவ்வளவு கொள்ளும் என்பதை அளவுக் கோடு போட்ட பாட்டிலால் ஒருமுறை அளந்துகொண்டால் போதும்; அதன்பின் "இரண்டு டம்ளர்" என்றாலே கணக்கு நேராகிவிடும். பற்றுப் பக்கத்தில் சிறுநீர், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை எழுத வேண்டும். வியர்வையாகவும் மூச்சாகவும் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதால், வரவு சற்றுக் கூடுதலாக இருப்பதே சரி. காய்ச்சலிலும் சித்திரை, வைகாசி வெயிலிலும் அந்தச் செலவு இன்னும் ஏறும். 50 கிலோ எடையுள்ளவருக்குச் சிறுநீர் மணிக்கு 25 மி.லி.க்குக் குறையாமல் வர வேண்டும். பல மணி நேரம் அதற்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கைவிட நம்பகமானது எடை. காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், அதே தராசில், ஏறக்குறைய அதே உடையில் நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறியிருந்தால் சதை போட்டதாக மகிழ வேண்டியதில்லை. ஒரு லிட்டர் நீர் உடம்பில் தங்கியிருக்கிறது என்று பொருள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ மூன்று நாளில் இரண்டு கிலோவோ கூடினால் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். நடமாடுபவருக்கு வீக்கம் கணுக்காலில் தெரியும். படுத்தே கிடப்பவருக்கு இடுப்பின் பின்புறத்தில் அழுத்திப் பார்த்தால்தான் குழி விழும்.

நீர் வற்றியதைக் கண்டுபிடிக்க முன்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது முதியவர்களிடம் பயன் தராது; அங்கே தோல் முன்பே தளர்ந்திருக்கும். நெஞ்செலும்பின் மேல் கிள்ளிப் பார்க்கலாம். அதைவிட நாக்கின் வறட்சி, சிறுநீரின் அடர்நிறம், எழுந்து நின்றால் வரும் தலைசுற்றல் ஆகியவை தெளிவான அடையாளங்கள். பேதியோ வாந்தியோ இருந்தால் ஓ.ஆர்.எஸ். (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கலவை) பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கணக்கு. கைவாகில் உப்பை அள்ளிப் போடுவது குழம்புக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இதையும் கேட்டுக்கொண்டே கொடுக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும் என்பதால், நல்லெண்ணத்தோடு வெட்டி வைத்த இளநீரையும் மறுக்கத் தெரிய வேண்டும். ஊறுகாய், வற்றல், அப்பளம், உப்புக்கண்டம் ஆகியவற்றை வீக்கம் உள்ளவரின் இலையில் வைக்கக் கூடாது.

முதியவர்கள் தண்ணீர் குடிக்க மறுப்பதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறோம். கழிப்பறை மூன்றாம் கட்டைத் தாண்டிக் கொல்லையில் இருக்கும். வழியில் உயர்ந்த நிலைப்படிகள், ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல் தரை. இரவில் அந்த நடையைத் தவிர்க்கவே அவர்கள் மாலையிலிருந்து நாக்கை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலியைப் போட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இரத்தத்தில் உள்ள உப்பான சோடியத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓர் ஆச்சி இரண்டு நாளாகப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னார். வயதின் மறதி என்று வீட்டார் இருந்துவிட்டார்கள், முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். பரிசோதனையில் சோடியம் 118 என்று வந்தது. இயல்பு 135 முதல் 145 வரை. நீரை வெளியேற்றும் மருந்து கலந்த இரத்த அழுத்த மாத்திரையும், வெயிலுக்காக வெறும் தண்ணீரை மட்டும் குடித்ததும் சேர்ந்து செய்த வேலை அது. மறதி மாதக்கணக்கில் மெல்ல வருவது. இரண்டு நாளில் வந்த குழப்பத்துக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். வீட்டிலேயே உப்புநீர் கொடுத்துச் சரிசெய்ய முயலக் கூடாது. சோடியத்தை விரைந்து ஏற்றினாலும் மூளை பாதிக்கப்படும் என்பதால் மருத்துவமனையில்கூட அளந்துதான் ஏற்றுவார்கள்.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு முழு நிமிடம் ஒதுக்க வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிக்கொள்வார், ஆகவே நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் பெரும்பாலோருக்கு 94 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் அளவு பிசகலாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரையே மருத்துவர் வைக்கும் இலக்கு. எண் குறைவாகத் தெரிகிறதே என்று பதறி ஆக்சிஜனைத் திருகி ஏற்றினால், அவர்கள் உடலில் கரியமில வாயு தேங்கி அரைமயக்கத்தில் ஆழ்ந்துவிடக்கூடும்.

மூச்சு வாங்குபவரைப் படுக்க வைக்கக் கூடாது. முதுகுக்குத் தலையணைகளை அண்டை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைக்கலாம், அல்லது முன்னே ஒரு மேசையில் கைகளை ஊன்றிச் சாயச் சொல்லலாம். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடுவதை அவர் நன்றாக இருக்கும் நாளிலேயே பழக்கிவைக்க வேண்டும். கட்டிலை மிளகாய் வறுக்கும் நெடியும் விறகுப் புகையும் எட்டாதபடி, காற்று வரும் வளவுப் பக்கம் போடுவது நல்லது. ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதுவும் கூடாது. சாமி விளக்கு குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். குழாய் உராய்ந்த மூக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவதும் தீப்பிடிக்க வழி வைக்கும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தொய்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதம் என்றே கொள்ள வேண்டும். குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரையைப் பார்க்கலாம். 70-க்குக் கீழே இறங்கினாலும் இதே தோற்றம் வரும். வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது. காபியும் கூடாது, ஆஸ்பிரினும் கூடாது. இரத்தக் கசிவா அடைப்பா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே கெடு. அது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், முந்தைய இரவு படுத்த நேரத்தையே சொல்ல வேண்டும். மதுரை இங்கிருந்து ஏறக்குறைய 90 கி.மீ. என்பதால், இரவிலும் ஸ்கேனும் இந்த ஊசியும் கிடைக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும், பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுவதாலும் காயம்தான் மிஞ்சும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

பக்கவாதத்துக்குப் பிந்தைய வாரங்களில் உயிரைப் பறிப்பது பல நேரங்களில் நிமோனியாதான். அதற்கான வழி பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான் திறக்கிறது. மருத்துவமனையில் விழுங்கும் திறனைச் சோதித்து அனுமதி தந்த பின்னரே வாய்வழி உணவு. நேராக உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, செயலுள்ள பக்கத்து வாயில் சிறு கரண்டியால் ஊட்டி, முந்தைய வாய் இறங்கியதா என்று பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். தெளிந்த தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி பலருக்கு எளிதில் இறங்கும். ஒரு வாய்க்குப் பின் இருமலோ, குரலில் நீர் தளும்பும் ஒலியோ கேட்டால் நிறுத்திவிட வேண்டும். உண்டபின் அரைமணி நேரம் சாய விடக் கூடாது. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் போடும்போது இடுப்பு, குதிகால், முழங்கையில் மாறாத சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டிலேயே கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

108 வண்டி வரும்போது மாத்திரைச் சீட்டுகளோடு நோட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். வண்டி கிளம்புமுன் அன்றைய பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.