கார்ட்டூன் படத்தை வைத்துத் தமிழ் வகுப்பில் புராணம் படிப்பிப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமைதோறும் எட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். எல்லாரும் இங்கிலிஷ் மீடியம். வீட்டில் தமிழ்தான் கதைப்பார்கள், ஆனாலும் ஒரு கதையை முழுசாகச் சொல்லச் சொன்னால் மூன்றாவது வசனத்தில் நின்றுவிடுவார்கள். அவர்களைச் சொல்ல வைத்தது கார்ட்டூன் படம்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

முதலில் படம். யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து 1990களில் எடுத்த இந்திய–ஜப்பானிய ராமாயணப் படத்தை நான் எடுத்துக்கொண்டேன். 2025 ஜனவரியில் இந்தியாவில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. முழுப்படம் 135 நிமிடம், அதை வகுப்பில் ஓட விட்டால் பிள்ளைகள் படம் பார்ப்பார்கள், தமிழ் நடக்காது. அதனால் நாலு நிமிடம் மட்டும் வெட்டி எடுங்கள். அனுமன் வாலில் தீ வைக்கிற இடம் தொடங்குவதற்கு நல்லது.

அப்புறம் சத்தத்தை முழுதாக நிறுத்துங்கள். இதுதான் முக்கியம். வசனம் காதில் விழுந்தால் பிள்ளை அதையே திருப்பிச் சொல்லும், விழாவிட்டால் தன் சொல்லைத் தேடத்தான் வேண்டும். இருபது விநாடிக்கு ஒரு தரம் நிறுத்தி "இப்ப என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள், வருகிற வினைச்சொற்களைப் பலகையில் எழுதிக்கொண்டே போங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை "அனுமன் இலங்கையை எரிந்தான்" என்றாள். நான் திருத்தவில்லை. "எரிந்தது யார், எரித்தது யார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு "இலங்கை எரிந்தது, அனுமன் எரித்தான்" என்று அவளே சொன்னாள். தன்வினை பிறவினை என்று அட்டவணை போட்டு நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டிய விஷயம் அது! அதே மூச்சில் திரிந்தான்–திரித்தான், சேர்ந்தார்கள்–சேர்த்தார்கள் எல்லாம் போட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் சீதையை ராவணன் கொண்டுபோகிற இடம். தூக்குவதற்குச் சற்று முன்னாலேயே படத்தை நிறுத்திவிட்டு இரண்டு கதைகளைச் சொல்லுங்கள். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடவே இல்லை, அவள் இருந்த பர்ணசாலையை, அதாவது இலைக் குடிலை, நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான், விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் தலை சிதறும் என்ற சாபம் அவனுக்கு இருக்கிறது. சொல்லிவிட்டு, படம் எந்தப் பக்கம் போகும், ஏன் என்று கேளுங்கள். பிறகு ஓட விடுங்கள். கூச்சப்படுகிற பிள்ளைகூட இங்கே வாயைத் திறக்கும், ஏனென்றால் தன் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டுமே.

ராவணனை "வந்தான்" என்பதா "வந்தார்" என்பதா என்ற சண்டை கட்டாயம் வரும். வரட்டும். திருகோணமலையில் கோணேசர் மலைப் பாறையில் உள்ள பிளவை நாம் இராவணன் வெட்டு என்கிறோம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் தாயின் கிரியைக்காக அவன் உண்டாக்கினான் என்பது ஐதீகம். இதெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை "வந்தார்" என்றால் அதில் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக வீட்டு வேலை. அதே காட்சியை அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அவர்கள் சொன்னபடியே ஐந்து வசனம் எழுதி வரட்டும். போன கிழமை எட்டுக் கொப்பிகளிலும் எட்டு விதமாக வந்தது, ஒன்றில் ஜடாயுதான் முழுக்க.