கார் கண்ணாடி ஏறவில்லையா? கதவைப் பிரிக்கும் முன் காதைக் கொடுங்கள்

பவர் விண்டோ நின்றுபோனால் முதல் பழி மோட்டார்மேல்தான் விழும். ஆனால் கண்ணாடி நிற்க ஃபியூஸ், சுவிட்ச், கதவு இடுக்கில் ஒடிந்த வயர், கண்ணாடியை இழுக்கும் கேபிள் அறுந்தது, கண்ணாடி ஓடும் தடத்தில் இருக்கும் ரப்பர் (பீடிங்) காய்ந்தது என்று பல காரணங்கள் உண்டு. நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டிய பிறகும் கண்ணாடி அசையாமல் நிற்கும் வீண்செலவு, இவற்றைப் பார்க்காமல் விடுவதால் வருவது. மோட்டாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் பத்து நிமிடத்தில் பாதி விடை கிடைத்துவிடும்.

மழை வருகிறது, கண்ணாடி கீழே கிடக்கிறது என்றால்

சுவிட்சைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். பல மோட்டார்களுக்குள் சூடேறினால் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கிறது. இருபது தடவை அமுக்கினால் உயிரோடு இருக்கும் மோட்டாரும் செத்ததுபோல் நடிக்கும். பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு மறுபடி முயலுங்கள்.

அப்போதும் ஏறவில்லையா? கண்ணாடியின் விளிம்பு வெளியே தெரிந்தால், உள்ளே ஒரு உள்ளங்கை, வெளியே ஒரு உள்ளங்கை வைத்து அழுத்திப் பிடித்து, நேராக மேலே தூக்குங்கள். அதே நேரம் இன்னொருவர் சுவிட்சைப் பிடித்திருக்க வேண்டும். பல கண்ணாடிகள் இப்படியே ஏறிவிடும். விரல்களை மேல் சட்டத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்; திடீரென்று ஏறினால் நசுக்கிவிடும்.

சுவிட்ச் இல்லாமல் வெறும் கையால் தூக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். கண்ணாடி இம்மியும் அசையாவிட்டால் பெரும்பாலும் கேபிள் நன்றாக இருக்கிறது என்று பொருள். மோட்டாருக்குள் இருக்கும் வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) வெளியிலிருந்து தள்ளினால் சுழலாது. அதனால் பலத்தைக் காட்டிப் பயனில்லை. லேசாகத் தூக்கியதும் கண்ணாடி வழுக்கி ஏறி, விட்டதும் சரிந்தால் கேபிளோ கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக்கோ உடைந்திருக்கிறது. இந்த இரண்டாவது வகையில், கண்ணாடியை மேலே ஏற்றி, அகலமான டேப்பைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி, கதவுச் சட்டத்தின் மேல் வளைத்து வெளிப்பக்கம் இறக்கி ஒட்டுங்கள். இரண்டு இடத்தில் ஒட்டினால் வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். இடுக்கில் ஸ்க்ரூடிரைவரைச் செருகாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் பக்கக் கண்ணாடி டெம்பர்டு வகை. ஓரத்தில் ஒரு சிறு அடி பட்டாலும் முழுதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

சத்தம் என்ன சொல்கிறது

எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, உள்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். காதைக் கதவுப் பலகையில் வைத்துச் சுவிட்சை அமுக்குங்கள்.

சத்தமே இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரின் உள்ளே கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்து தொடர்பு விட்டிருக்கிறது. சத்தம் இல்லை, ஆனால் விளக்கு சட்டென்று மங்குகிறது என்றால் மின்சாரம் போகிறது. மோட்டாரோ கண்ணாடியோ இறுகி நிற்கிறது. ‘விர்ர்’ என்று மோட்டார் ஓடுகிறது, கண்ணாடி மட்டும் நகரவில்லை என்றால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரின் கேபிள் பெரும்பாலும் அறுந்திருக்கும். ‘கரகர’, ‘டக் டக்’ என்று உடையும் சத்தம் வந்தால் அறுந்த கேபிள் உருளையில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் ஒரு தடவைகூட அமுக்காதீர்கள். நன்றாக இருக்கும் மோட்டாரின் பல்லையும் அது தின்றுவிடும்.

உள்விளக்கை எல்.இ.டி. ஆக மாற்றியிருந்தால் மங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, சுவிட்சை அமுக்கும்போது வோல்ட் இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சோதனை: சுவிட்சை அமுக்கியபடியே, மோட்டார் இருக்கும் இடத்தில் கதவுப் பலகையைக் கைமுட்டியால் நாலு தட்டுத் தட்டுங்கள். உடனே ஓடத் தொடங்கினால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இன்று ஓடும், நாளை நிற்கும். இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் மோட்டாரைத் தயங்காமல் மாற்றலாம்.

நாலும் நின்றதா, ஒன்று மட்டுமா?

நாலு கண்ணாடியும் ஒரே நேரத்தில் நின்றால் கதவைத் தொட வேண்டிய வேலையே இல்லை. ஃபியூஸ், ரிலே, டிரைவர் பக்கத்து மாஸ்டர் சுவிட்சின் கப்ளர் (வயர்களைச் செருகும் இணைப்பு), இந்த மூன்றையும் பாருங்கள். பவர் விண்டோ ஃபியூஸ் பெரும்பாலும் 20 முதல் 30 ஆம்பியர் வரை இருக்கும். மஞ்சள் 20, நிறமில்லாத வெள்ளை 25, பச்சை 30. ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே எது எதற்கென்று படம் போட்டிருப்பார்கள். எரிந்த இடத்தில் அதே அளவுதான் போட வேண்டும். 20 போடும் இடத்தில் 30 போட்டால், அடுத்த தடவை எரிவது ஃபியூஸாக இருக்காது, வயராக இருக்கும்.

டிரைவர் கண்ணாடி மட்டும் வேலை செய்கிறது, மற்ற மூன்றும் அந்தந்தக் கதவுச் சுவிட்சில் அசையவில்லை என்றால், மாஸ்டர் சுவிட்சில் இருக்கும் விண்டோ லாக் பட்டனைப் பாருங்கள். குழந்தை அமுக்கிவிட்ட அந்தப் பட்டனுக்காக ஒர்க்‌ஷாப் வரை வரும் வண்டிகள் உண்டு.

ஒரே ஒரு கதவு நின்றிருந்தால் மாஸ்டர் சுவிட்சிலிருந்தும், அந்தக் கதவின் சுவிட்சிலிருந்தும் தனித்தனியாக இயக்கிப் பாருங்கள். ஒன்றில் ஓடி மற்றொன்றில் ஓடாவிட்டால் மோட்டாரும் ரெகுலேட்டரும் நலம். கோளாறு சுவிட்சிலோ அதன் வயரிலோதான். பின் கதவுகளின் இடது, வலது சுவிட்சுகள் பல வண்டிகளில் ஒரே மாதிரி இருக்கும். மாற்றி மாட்டிப் பார்த்தால் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பலரும் கோட்டை விடும் இடம்: மாஸ்டர் சுவிட்ச் வழியாக வரும் எர்த்

சாதாரண இரண்டு வயர் மோட்டாருக்குத் தனியாக நிரந்தர எர்த் வயர் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கிடையாது. சுவிட்சைத் தொடாமல் இருக்கும்போது இரண்டு வயர்களும் எர்த்தில் இருக்கும். மேலே அமுக்கினால் ஒரு வயருக்கு 12 வோல்ட் வரும். கீழே அமுக்கினால் மற்ற வயருக்கு வரும். திசை மாறுவது இப்படித்தான்.

டிரைவர் அல்லாத மற்ற மூன்று கதவுகளுக்கும் அந்த எர்த், பல வண்டிகளில், அந்தந்தக் கதவிலிருந்து கிடைப்பதில்லை. மாஸ்டர் சுவிட்சின் உள்ளே இருக்கும் சிறு செம்புப் பட்டைகள் வழியாக வருகிறது. அந்தப் பட்டையில் கரி படிந்தால், இடது பின் கதவுக் கண்ணாடி தன் சுவிட்சில்கூட ஓடாது. மெக்கானிக் அந்தக் கதவைப் பிரித்துப் போட்டுத் தேடுவார். கோளாறு டிரைவரின் வலது கைப்பக்கம் இருக்கும்.

சோதிப்பது எளிது. இக்னிஷனை ஆஃப் செய்து, மோட்டார் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து முனைகள் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் இரும்பு உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இரண்டும் 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். ஒன்றில் தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்டினால் எர்த் வழியில் தடை.

மாஸ்டர் சுவிட்சைக் கழற்றி அதன் பக்கத்துக் கவ்விகளை விடுவித்தால் உள்ளே குட்டி ஸ்பிரிங்குகளும், சீசா பலகைபோல் ஆடும் பட்டைகளும் இருக்கும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துத் திறவுங்கள். ஒரு ஸ்பிரிங் பறந்தால் கிடைக்காது. தொடர்புப் புள்ளி கறுத்திருந்தால் 1000 நம்பர் உப்புத்தாளால் இரண்டே தேய்ப்பு, பிறகு காண்டாக்ட் கிளீனர். புள்ளி குழிவிழுந்து தேய்ந்திருந்தால் சுத்தம் செய்வது சில வாரத்துக்குத்தான். புது சுவிட்ச் வாங்கிவிடுங்கள். ஜன்னல் திறந்திருந்தபோது அடித்த மழையும், டீ சிந்தியதும் இந்த சுவிட்சின் பெரிய எதிரிகள்.

கீல் பக்கத்து ரப்பர் குழாய்

கதவுக்கும், கீல் பொருத்தியிருக்கும் வண்டித் தூணுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். வயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை வளைகின்றன. பத்து வருடம் ஓடிய வண்டியில் உள்ளே செம்பு ஒடிந்திருக்கலாம், மேலுறை மட்டும் முழுதாக இருக்கும். பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். சுவிட்சை அமுக்கிக்கொண்டே கதவை மெல்லத் திறந்து மூடுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் கண்ணாடி அசைந்தால் கோளாறு அங்கேதான்.

குழாயைச் சட்டத்திலிருந்து பிதுக்கி எடுத்து, ஒவ்வொரு வயரையும் லேசாக இழுங்கள். ஒடிந்தது ரப்பர் பேண்டுபோல் நீளும். ஒடிந்த பகுதியை வெட்டி, அதே தடிமன் உள்ள வயர்த் துண்டைச் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுருங்கும் பிளாஸ்டிக் உறை போடுங்கள். இணைப்பு வளையும் இடத்தில் வரக் கூடாது. கதவுக்குள்ளோ தூணுக்குள்ளோ தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஈயம் வைத்த இடத்தின் ஓரத்திலேயே மறுபடி ஒடியும். இரண்டு மூன்று வயர் ஒடிந்திருந்தால் இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் ஏற்றி இறக்கி வையுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கதவுப் பலகையைக் கழற்றுவது

கதவில் ஏர்பேக் சென்சார் இருக்கும் வண்டியென்றால் இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். கைப்பிடிக் குழியின் மூடி, உள் லாக்கின் பின்னால், பக்கவாட்டு மிரர் அருகே இருக்கும் முக்கோண மூடி ஆகிய இடங்களில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு, அடிமூலையிலிருந்து பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராக நெம்ப வேண்டும். தள்ளி நெம்பினால் பலகை கிழியும். எல்லாம் விட்டதும் பலகையை மேல்நோக்கித் தூக்கி எடுங்கள். நாலைந்து கிளிப் உடையும் என்று எதிர்பார்த்து முன்பே வாங்கி வையுங்கள்.

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல், கறுப்புப் பசையோடு மெல்ல உரியுங்கள். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அது வண்டிக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். இதை வீசிவிட்ட வண்டிகளில்தான் கால்மிதி எப்போதும் ஈரமாக இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இரும்பு ஓரங்கள் பிளேடுபோல் வெட்டும்.

இப்போது மோட்டாரைச் சோதிக்கலாம். இரண்டு வயர் மோட்டார் என்றால், 20 ஆம்பியர் ஃபியூஸ் கோர்த்த வயர் மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் ஓட வேண்டும். ஓடினால் மோட்டார் நல்லது. கப்ளரில் நாலு அல்லது அதற்கு மேல் முனை இருந்தால் மோட்டாரிலேயே எலக்ட்ரானிக்ஸ் பொருத்தியிருக்கலாம். அதில் நேரடி மின்சாரம் கொடுத்தால் அதுவும் போய்விடும்; தொடாதீர்கள்.

ரெகுலேட்டர் மாற்றுதல்

கடையில் விண்டோ மெஷின் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கதவு எந்தப் பக்கம், முன்னா பின்னா, வண்டியின் ஆண்டு எது என்று மூன்றும் சொல்லி வாங்குங்கள். அறுந்த கேபிளை மட்டும் மாற்ற முயல்வது பயனில்லை. தடத்தில் ஓடும் பிளாஸ்டிக் கொக்கியும் அதே வயதுதான். முழுசாக மாற்றுங்கள். மோட்டார் நன்றாக இருந்தால் பழையதையே புது ரெகுலேட்டரில் பொருத்தலாம்.

முதலில் கண்ணாடியை மேலே ஏற்றி டேப்பால் சட்டத்தில் கட்டுங்கள். கண்ணாடியைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள், பெரும்பாலும் 10 மி.மீ., கதவின் துளைக்கு நேராக வரும்போது கழற்றுங்கள். பிறகு ரெகுலேட்டர் போல்ட்டுகள். கத்தரிபோல் மடங்கும் பழைய வகை என்றால் கவனம்: அதில் சுருள் ஸ்பிரிங் இழுவிசையோடு நிற்கும். மோட்டாரைக் கழற்றும் முன் ரெகுலேட்டரின் இரண்டு கைகளையும் போல்ட் போட்டு ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். தவறினால் அது விரலை நறுக்கும் வேகத்தில் மூடும்.

புதியதை மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் தளர்வாகவே விடுங்கள். கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றி, மேல் பீடிங்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள். கீழே வைத்து இறுக்கினால் கண்ணாடி சாய்ந்து ஏறும், புது கேபிளும் சீக்கிரம் அறும்.

பீடிங்கில் என்ன தடவுவது

மெதுவாக ஏறும் கண்ணாடிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது சுத்தம் மட்டும்தான். ஈரத்துணியை மெல்லிய மரச்சட்டத்தில் சுற்றி, இரண்டு பக்கத் தடத்தையும் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் ரப்பரில் வேண்டாம். அவை தூசியைப் பிடித்துக் களிம்பாக்கும், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்பவும் வைக்கும். இரும்புத் தடத்துக்கு மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுங்கள்.

ஏறி முடியும் நேரத்தில் கண்ணாடி தானே இறங்கிவிடுகிறது என்றால், விரல் நசுங்காமல் காக்கும் வசதி பீடிங்கின் உராய்வை விரல் என்று நினைக்கிறது. சுத்தம் செய்யாமல் ரீசெட் (கண்ணாடியின் நினைவைத் திரும்பப் பதிவது) மட்டும் செய்தால் மறுநாளே திரும்ப வரும்.

மூடும் முன் கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி மோட்டார் துருப்பிடிக்கும். பலகையை மாட்டிய பின், பேட்டரியைக் கழற்றியிருந்தால், ஒரே அழுத்தில் ஏறும் வசதி மறந்துபோயிருக்கும். பல வண்டிகளில் கண்ணாடியை முழுதாக இறக்கி, சுவிட்சைச் சில நொடி கீழே பிடித்து, பிறகு முழுதாக ஏற்றி மேலேயும் சில நொடி பிடித்தால் நினைவு திரும்பும். உங்கள் வண்டிக்கான நொடிக் கணக்கு கையேட்டில் இருக்கும். கடைசியாகக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, பலகையின் அடியோரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்ட வேண்டும்.